பட்டியில் சொருகிய கை

நரம்பியல் பிரிவின் நடைபாதையில் என்னை நடந்து காட்டச் சொன்னார் வைத்தியர். டென்மார்க்கின் ஓல்போர்க் நகர ஆஸ்பத்திரியில், ஒரு திங்கட்கிழமை காலை. பதினெட்டு வருடமாக மைதானத்தில் "கையை வீசு, கையை வீசு" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்திய ஆள் நான். அன்று என்னுடைய இடது கை வீசவில்லை.

இலங்கையில் தொடங்கி, ஜப்பானில் ஒரு சின்ன லீக்கில் நான்கு வருடம் சம்பளத்துக்கு பேஸ்போல் ஆடியவன் நான். பிறகு கலியாணம் கட்டி ரண்டர்ஸ் நகருக்கு வந்தேன். இங்கே ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்சியாளர். டென்மார்க்கில் பேஸ்போலா என்று எங்கள் தமிழ்ச் சனம் இன்னமும் சிரிக்கும். சிரிக்கட்டும். எனக்கு வேறு வேலை தெரியாது.

எனக்கு வந்த நோயோடு இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நடுக்கத்துக்கு முன்னால் வருவது களைப்பு. நித்திரை கொண்டாலும் போகாத களைப்பு. பயிற்சி முடிந்தால் காருக்குள் அரை மணி நேரம் சும்மா இருப்பேன், சாவியைத் திருப்பப் பஞ்சியாக இருக்கும். கோப்பியின் வாசம் போனது. ஆட்டக் குறிப்பில் என் எழுத்து எறும்பு மாதிரிச் சிறுத்தது. பிறகுதான் இடது பெருவிரல் தன்பாட்டில் சுட்டுவிரலைத் தேய்க்கத் தொடங்கியது.

என் மனைவி சுமதி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

"இஞ்சாருங்கோ, இப்பிடி நடக்கிற ஆக்களை நான் தினமும் பாக்கிறன். டொக்டரிட்டைப் போவம்."

"விசர்க் கதை கதையாதை. தோள்மூட்டிலை பழைய நோ."

"தோள் நோகிறவைக்கு வாசம் போறேல்லை."

நான் போகவில்லை. கையாலே பிழைக்கிறவன் கை ஆடுகிறது என்று எந்த வாயால் சொல்வது? மைதானத்தில் நிற்கும்போது இடது கைப் பெருவிரலை இடுப்புப் பட்டிக்குள் சொருகிக்கொள்வேன். கை அடங்கிவிடும். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். நான்கு தளங்களையும் சுற்றி ஓடிவந்தால் ஓட்டம். பயிற்சியாளர் மூன்றாம் தளத்தின் ஓரத்தில் நின்று, தொப்பி, காது, நெஞ்சு என்று தொட்டுத் தொட்டு ஓடுபவனுக்குச் சைகை கொடுப்பார். அதில் முக்கால்வாசி எதிரணியை ஏமாற்றும் பொய். எது உண்மை என்று காட்ட ஒரு திறப்பு, அதாவது சாவிச் சைகை, இருக்கும். எங்கள் அணியின் திறப்பு இடுப்புப் பட்டி. பட்டியைத் தொட்டபின் தொடுவதுதான் உண்மை. பட்டிக்குப் பிறகு தொப்பி என்றால், ஓடு.

அரையிறுதி ஆட்டம். நாங்கள் ஒரு ஓட்டம் பின்னால். இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் எல்லாம் முடிந்தது. இரண்டாம் தளத்தில் யோனாஸ் நின்றான். இருபத்தொரு வயது, நான் பயிற்றுவித்தவர்களில் சைகையை மிகக் கவனமாகப் பார்ப்பவன். திடீரென்று அவன் ஓடினான். அந்த நேரத்தில் புத்தியுள்ள எவனும் ஓடமாட்டான். என் காலடியில் பாய்ந்து விழுந்தான். பந்து அவனுக்கு முன்னால் வந்துவிட்டது, அவன் ஆட்டமிழந்தான். ஆட்டம் முடிந்தது.

புழுதியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ஆர் உன்னை ஓடச் சொன்னது?" என்று எல்லோருக்கும் கேட்க டேனிஷ் மொழியில் கத்தினேன்.

"நீங்கள்தான்," என்றான்.

"நான் ஒரு சைகையும் தரேல்லை. ஒழுங்காப் பார்க்கத் தெரியாட்டி வாங்கிலை இரு."

மூன்றாம் இடத்துக்கான அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் அவனை ஆடவிடாமல் வாங்கிலேயே இருத்தினேன்.

அந்தக் கோடையின் முடிவில், என்னைக் கேளாமலே சுமதி குடும்ப வைத்தியருக்குத் தொலைபேசி அடித்துச் சொல்லிவிட்டாள். அப்படித்தான் அந்த நடைபாதைக்கு வந்து சேர்ந்தேன். நரம்பியல் வைத்தியர் விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வசனம் எழுதச் சொன்னார். பிறகு என் இடுப்பைப் பார்த்தார்.

"கையை எப்போதும் பட்டிக்குள்தான் வைத்திருப்பீர்களா?"

"தெரியாது."

"பலர் கையை எங்கேயாவது ஒளிப்பார்கள். நாளடைவில் ஒளிப்பதே அவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்."

பார்கின்சன் (மூளையில் டோபமின் என்ற இரசாயனம் குறைந்து, நடுக்கமும் இறுக்கமும் வரும் நோய்) என்றார். லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமினாக மாறும் மருந்து) தருவதாகவும், அது நோயை நிறுத்தாது, அன்றாட வாழ்வை இலகுவாக்கும் என்றும் சொன்னார். எனக்குப் பாதிதான் கேட்டது. அரையிறுதி அன்று இடது கை பட்டியில் இருந்தது. வியர்வை துடைக்க வலது கையால் தொப்பியைத் தொட்டேன். பட்டி, தொப்பி. ஐயோ, நான்தான் அவனை ஓடவிட்டேன்.

திரும்பி வரும்போது காரை சுமதிதான் ஓட்டினாள். நான் நோய்க்கு அழவில்லை. அந்தப் பிள்ளையை நினைத்து அழுதேன். இனி மூன்றாம் தளத்தில் என்னை நிற்க விடுவார்களா என்றும் பயந்து அழுதேன். இரண்டும் உண்மை.

அடுத்த பயிற்சியில் அணியை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். நோயை, பட்டியை, தொப்பியை. யோனாஸைப் பார்த்து, "பிழை என்ரை. நான்தான் சைகை தந்துபோட்டு உன்னை இருத்தினனான். மன்னிச்சுக்கொள்," என்றேன்.

அவன் கையுறையின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான்.

"அப்ப நான் சரியாத்தான் பார்த்தனான்," என்றான்.

"ஓம்."

"ஆட்ட வீடியோவை எத்தனை தரம் போட்டுப் பார்த்தனான் தெரியுமா? அதிலை நீங்கள் நிண்ட பக்கம் விழேல்லை. எனக்குத்தான் மூளை பிழை எண்டு நினைச்சன். இந்த விளையாட்டையே விட இருந்தன்."

நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு அவனே கேட்டான்: "இனி எந்தக் கையைப் பார்க்கிறது?"

"வலது."

பட்டி இப்போது எங்கள் சைகையில் இல்லை. இடது கையைத் தொங்கவிட்டிருக்கிறேன், அது எல்லோர் முன்னாலும் ஆடுகிறது. காலை ஏழு, பதினொன்று, பிற்பகல் மூன்று, இரவு ஏழு மணி என்று மருந்துக் குளிசை. பருப்புக்கறியோடு விழுங்கினால் அதிலுள்ள புரதம் மறித்துச் சரியாக ஏறாது, அதற்கும் நேரம் பார்க்க வேண்டும். பேஸ்போலில் மணிக்கூடு கிடையாது. கடைசி ஆள் ஆட்டமிழக்கும்வரை ஆட்டம் நடக்கும். அதனால்தான் அதை விரும்பினேன். இப்போது என் உடம்புக்குள்ளேயே ஒரு மணிக்கூடு வந்து குந்திவிட்டது. களைப்பும் போகவில்லை.

மூன்று மணிக் குளிசை ஏறக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதுவரை உடம்பு எனக்குச் சொந்தமில்லை. மூன்றாம் தளத்தின் ஓரத்தில் நிற்கிறேன். இரண்டாம் தளத்திலிருந்து யோனாஸ் என்னைப் பார்க்கிறான். இடது கை ஆடுகிறது.

அவன் ஓடவில்லை. காத்திருக்கிறான்.