திட்டத் தெரியாத மேனேஜர்

நெசவாளர் சங்கத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, பழைய மேனேஜரின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். நெய்த புடவையை யார் கொண்டுவந்தாலும் மேஜைமேல் விரித்துப் பார்ப்பார். குறை கண்டால் அவ்வளவுதான். "கண்ணை எங்கய்யா வச்சிக்கினு நெய்யற?" என்று ஆரம்பித்து வம்சத்தையே இழுப்பார். கத்தி முடித்ததும், "போய்த் தொலை, அடுத்த பாவு வாங்கிக்கினு போ" என்பார். நெசவாளியும் அடுத்த புடவைக்கான பட்டு நூலை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போவார். திட்டு விழுந்துவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அடிக்கடி விழும். அந்த மனுஷனை நான் சபிக்காத நாள் கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். புது மேனேஜர் வந்தார். சின்ன வயசு. அதிர்ந்து பேசமாட்டார். நெசவாளிகள் உட்காரட்டும் என்று தன் மேஜைக்கு எதிரே நாற்காலி போட்டார், ஒருத்தரும் உட்காரவில்லை. இப்படி ஒரு நல்லவர் வந்தாரே என்று நான்தான் வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தார். புடவையின் கரையையும் உடலையும் கோர்த்து நெய்வதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. சங்கத்தின் கல்யாண ஆர்டர்கள் அவரை நம்பித்தான் இருந்தன. ஒரு தடவை அவர் கொண்டுவந்த புடவையில் கோர்வை பிசகியிருந்தது. புது மேனேஜர் பார்த்துவிட்டு, "பரவாயில்லைங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம். உடம்பு நல்லா இருக்குதா?" என்றார். பெரியவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா, சாரு ஒரு வார்த்த திட்டல? என்னைக் கைகழுவிட்டாரா?"

"அவர் சுபாவமே அப்படிதாங்கய்யா."

"மூணாம் மனுஷங்கிட்டதாம்மா யாரும் கோவப்பட மாட்டாங்க."

மேனேஜரிடம் போய், "சார், புண்ணியமாப் போவும், அவரை ரெண்டு வார்த்தை திட்டிடுங்க" என்று கெஞ்சினேன். சிரித்தார். அடுத்த முறை பெரியவர் வந்தபோது முயன்றும் பார்த்தார், பாவம். எழுந்து நின்று "என்னய்யா வேலை இது!" என்றவருக்கு அதற்குமேல் குரல் எழும்பவில்லை. "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று உட்கார்ந்துவிட்டார். பெரியவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். அந்தப் புடவையோடு சரி. வாய்க்கு வந்தபடி ஏசும் தனியார் முதலாளி ஒருவரிடம் போய்ச் சேர்ந்துகொண்டார். அவர் பின்னாலேயே இன்னும் சிலரும் போனார்கள்.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று மேனேஜர் கேட்டார். அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை. அவரிடம் ஒரு கடுஞ்சொல்கூடக் கேட்காத அந்த நாட்களில், எப்போது என் வேலை போகுமோ என்று நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். அதை எந்த வாயால் சொல்வேன்?

கடைசியில் அவரே மாற்றல் கேட்டு எழுதினார். அனுப்புவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "நான் போறதுல உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?" என்றார். போகாதீங்க சார் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மேலே இருப்பவர்கள் எது கேட்டாலும் சொல்வதற்கு என் வாய்க்குப் பழக்கமானது ஒன்றுதான்.

"உங்க இஷ்டம் சார்" என்றேன்.