தறி அடிக்கிற இடம்

எங்கள் வீட்டில் இரண்டு கைத்தறிகள் ஓடுகின்றன. ஒன்றில் வாப்பா, மற்றதில் எனக்கு மூத்த ராத்தா. தறி ஓடும்போது மட்டும்தான் நான் பேஸ் கிட்டாரைக் கையில் எடுக்கலாம். தறி நின்றால் நானும் நிற்க வேண்டும். தறிச் சத்தத்தில் வெளியே கேட்காதென்று வாப்பா போட்ட சட்டம் அது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார். பள்ளிவாசலில் யாராவது மகனின் கூத்தைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். எனக்கு அந்தச் சட்டத்தைக் கண்ணிலும் காட்டக் கூடாது, ஆனாலும் பணிந்து கிடந்தேன்.

பாண்டிருப்பில் ஒரு இசைக்குழுவோடு கலியாணங்களுக்கு வாசிக்கிறேன். கீபோர்ட் வாசிக்கிற தலைவர் ஒருநாள் முகத்துக்கு நேரே சொன்னார்.

"தம்பி, குறை நினையாதங்க. நீங்க அடிக்கிறது சனத்துக்கு விளங்குதில்ல. வாற கலியாணத்திலயும் இப்பிடியெண்டா, பேஸ என்ட இடது கையால நானே பாத்துக்கொள்றன்."

எனக்குப் பற்றி எரிந்தது. பொய்யென்றால் சண்டை பிடித்திருப்பேன். மண்டபத்தில் என் சுரம் ஒன்றும் தெரியாது, ஒரே இரைச்சல்தான். கேட்கவில்லை என்று நான் தாழ்ந்த ஒலிக்கான பேஸ் குமிழைக் கூட்டுவேன், சவுண்ட்ஸ்காரரும் தன் பங்குக்குக் கூட்டுவார். எங்கள் பக்கத்தில் ஸ்பீக்கர் பொக்ஸ் நெஞ்சை உலுக்காவிட்டால் கலியாணமே நடக்காத மாதிரி.

அடுத்த நாள் வீம்புக்கு கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தறிக்குப் பக்கத்தில் வைத்து, பேஸை முழுக்கத் திருகி வாசித்தேன்.

"நீ அடிக்கிறதா நான் அடிக்கிறதா எண்டே விளங்குதில்லையே," என்றாள் ராத்தா, மிதியை நிறுத்தாமல்.

அங்கேதான் பிடிபட்டது. தறி அடிக்கிற தாழ்ந்த ஒலியின் இடத்திலேயே நானும் போய் அடித்தால் என்னை எப்படிக் கேட்கும்? மேடையில் அந்த இடத்தைக் காலால் அடிக்கிற பெரிய ட்ரம் பிடித்து வைத்திருக்கிறது. பேஸ் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கினேன். நடுத்தர ஒலிக்கான மிட் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். தனியே கேட்டால் மூக்கடைத்தவன் பாடுகிற மாதிரி இருந்தது. தறியோடு சேர்ந்ததும் ஒவ்வொரு சுரமும் தெளிவாக எழும்பி வந்தது.

"இப்ப கேக்குது," என்றாள் ராத்தா.

கலியாணத்தன்று பாட்டுத் தொடங்குமுன் சவுண்ட்ஸ்காரர் என்னைத் தனியே வாசிக்கவிட்டுப் பார்த்தார்.

"பேஸ் காணாது தம்பி," என்று மிக்சரில் கை வைத்தார்.

"கூட்டாதங்க அண்ணன். இன்னும் குறைங்க."

"பேஸ் கிட்டார்ல பேஸக் குறைக்கிறதா? எனக்குப் படிப்பிக்கிறீங்களோ?"

"ஓம், குறைக்கத்தான் சொல்றன். பாட்டுல கேக்காட்டி நானே இறங்கிப் போறன்."

முறைத்துக்கொண்டே குறைத்தார். முதல் பாட்டில் ட்ரம் விழுந்தது, அதற்கு மேலே நான் நடந்தேன். இரண்டாவது பாட்டில் திரும்பிப் பார்த்தேன். தலைவரின் இடது கை அவர் மடியில் சும்மா கிடந்தது.

மறுநாள் காலை வாப்பாவின் தறியில் நூல் அறுந்தது. ராத்தா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். வீடு அமைதியானதும் வாசித்துக்கொண்டிருந்த என் கை பழக்கத்தில் நின்றது. நின்றதற்காக எனக்கே என் மேல் ஆத்திரம் வந்தது. மறுபடி தொடங்கினேன்.

"தறி நிண்டிட்டு," என்றார் வாப்பா, நூலைத் தேடியபடி.

"ஓம் வாப்பா, நிண்டிட்டு."

தறி இல்லாமல் என் சத்தம் மெலிந்து கிடந்தது. கீழே இடம் வெறுமையாக இருந்தது. பேஸ் குமிழைக் கூட்டினேன்.