சுவர்மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை

வியாழக்கிழமை காலை சுவர்மேல் கறிவேப்பிலை இல்லை. மழை நாளில்கூடத் தவறாமல் வருவது. எட்டரை மணி வரை பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. சுலோசனா என்னைப் பார்த்ததும், "காலைல எழுப்பினேன், எழுந்திருக்கலக்கா" என்றாள். அவள் வீட்டுக்காரர் செல்வராஜ் தூக்கத்திலேயே போய்விட்டார்.

மல்லாபூரில் 'காலாற' என்ற அந்த இடத்துக்கு வந்துபோன உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனாலும் நான்கு வருஷம் அவரோடு பேசாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நானும் சொல்ல வேண்டும்.

பக்கத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக நின்றே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டு முன்பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து வீங்கின காலோடு வருகிறவர்கள் வெந்நீரில் காலை வைத்து உட்காரலாம், எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம். தண்ணீர் வெயிலில் காய்வது, துடைக்கும் துணி பழைய நூல் புடவையைக் கிழித்தது, பிளாஸ்டிக் வாசற்படி தாண்டக் கூடாது. எண்ணெய் தேய்க்க இரண்டு பேர். திருநங்கை என்று வேறெங்கும் வேலை கிடைக்காத லட்சுமி, காது கேட்காத பர்வீன். "இவ்வளவு நல்ல காரியம், தருமம்" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "தருமம் இல்ல, தொழில். தருமம்னா வர்றவங்க கூசுவாங்க" என்பார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலை எடுத்துவிட்டு எழுந்திருக்கிறவர், அடுத்து உட்காருகிறவருக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டு, "சூடு போதுமா?" என்று கேட்க வேண்டும். ஒருநாள் காரில் வந்த ஒரு பெண், தனி அறை கேட்டாள். "நக்கோ மேடம், அதெல்லாம் வேணாம், இங்க ஒரே பெஞ்சுதான்" என்றார் செல்வராஜ். அவளுக்கு அடுத்து உட்கார்ந்தது தெருக் கூட்டும் யாதம்மா. அந்தப் பெண் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பர்வாலேதம்மா" என்று தெலுங்கில் யாதம்மாதான் அவளுக்குத் தைரியம் சொன்னாள். அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் வந்ததும் அந்தப் பெண் முதலில் கேட்பது, "யாதம்மா வந்தாச்சா?"

இனி என் கோபத்தைச் சொல்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் சாக்கடைக்குப் போகக் கூடாது என்று, கால் நனைத்த நீரைச் செடிகளுக்கு வாய்க்கால் வெட்டி விட்டார். "உங்க மரத்துக்கும் விடட்டுமாக்கா?" என்றார். நானும் சந்தோஷமாகச் சரி என்றேன். அது என் கறிவேப்பிலை மரம். பதினெட்டு வருஷம் வளர்த்தது. அந்த வெயில் காலத்தில் இலை ஓரம் கருகியது, பிறகு உதிர்ந்தது, பிறகு குச்சியாக நின்றது.

வீக்கம் வடியக் கல்லுப்பு போட்ட தண்ணீர் அது! ஊருக்கெல்லாம் மண்ணைக் காப்பாற்றச் சொல்லும் மனுஷனுக்கு அது தோன்றவில்லை. சுலோசனா வாய்க்கால் நீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு கரிக்குதுங்க!" என்று கத்தியது என் வீட்டுக்கே கேட்டது.

சாக்குச் சொல்லாமல் நேரே வந்தார்.

"அக்கா, உங்க மரத்த நான்தான் கொன்னுட்டேன்."

"தெரியுது."

"வேற கன்னு வெக்கிறேன்."

"பதினெட்டு வருஷத்துக்கு ஒரு விரல் கன்னா?"

உப்பு மண்ணைத் தோண்டி எடுத்து, புது மண் கொட்டி, கன்று வைத்தார். வாய்க்காலில் உப்புத் தண்ணீர் விடுவதையும் அன்றோடு நிறுத்தினார். மரம் வருகிறவரை என் குழம்புக்கு இலை கொண்டுவருவது தன் பொறுப்பு என்றார். நாச்சாரத்தில் சிநேகிதர் வீட்டு மரத்தில் பறித்து, சைக்கிளில் வந்து, புடவைத் துணியில் சுற்றிச் சுவர்மேல் வைப்பார். நான் துணியைத் துவைத்து அங்கேயே திருப்பி வைப்பேன். பேச்சு கிடையாது. முழங்கால் வலிக்கு அங்கே போவதை மட்டும் விடவில்லை. லட்சுமி கை அப்படி. "தாத்தாவோட கா, காலோட பழமா அம்மா?" என்று அவள் என்னைக் கிண்டல் செய்வாள்.

போன மாசி மாதம் நான் எழுந்த இடத்தில் செல்வராஜ் வந்து உட்கார்ந்தார். பாதம் வீங்கியிருந்தது. வழக்கப்படி ஊற்றினேன். "சூடு போதுமா?" என்று மட்டும் கேட்கவில்லை. பெஞ்சே என்னைப் பார்த்தது. அவராகவே, "போதும்க்கா" என்றார்.

இன்னொன்றும் மறைத்தேன். அவர் வைத்த கன்று ஒரு வருஷத்துக்கு முன்பே ஆளுயரம் வந்துவிட்டது. வேண்டிய இலை அதிலேயே இருந்தது. நான் ஒன்றுகூடப் பறிக்கவில்லை. பறித்தால் சுவர்மேல் வைப்பது நின்றுவிடும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சுலோசனா 'காலாற'வைத் திறந்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். லட்சுமியும் பர்வீனும் வாசலில் வந்து நின்றிருந்தார்கள், அவள் திறந்துவிட்டாள். என் முறை முடிந்து எழுந்ததும் அவளைப் பிடித்து உட்கார வைத்து வெந்நீர் ஊற்றினேன்.

"சூடு போதுமா?"

அவள் தலையாட்டினாள். காலைத் தண்ணீரில் வைத்தபடியே சொன்னாள்: "உங்க மரத்த தினமும் சுவர் வழியாப் பாப்பாருக்கா. 'அக்கா இன்னும் ஒரு எல பறிக்கல, நாளைக்கும் கொண்டாரணும்'னு சிரிப்பாரு."

கடைசியாகச் சுற்றி வந்த துணி என்னிடம் இருக்கிறது. நீலக் கரை போட்டது, திருப்பி வைக்காமல் நின்றுபோனது. நேற்று அந்த மரத்தில் முதல் கொத்தைப் பறித்தேன். அந்தத் துணியிலேயே சுற்றிச் சுவர்மேல் வைத்தேன், அவர்கள் பக்கம் பார்க்க.

இன்று காலை துணி துவைத்து மடித்து என் பக்கம் இருந்தது.