சிக்னல்மேல் போட்ட பழி

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக் கிராமமான சரவணையில் வீட்டு முன்னறையில் இருந்தபடி கொழும்பு நிறுவனமொன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவள் பிரியவதனி. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய் திக்கும். 'ப' வந்தால் உதடு பூட்டிக்கொள்ளும். தன் பெயரைச் சொல்வதே பெரும்பாடு. பேச்சில்லாத வேலை என்று நம்பித்தான் இதற்கு வந்தாள். குழுவில் எல்லாமே எழுத்தில் நடந்ததால் அவள் திக்குவது யாருக்கும் தெரியவில்லை.

பிறகு குழுத்தலைவர் ஜெனுஷன் புதுப் பழக்கமொன்றைத் தொடங்கினார். வாரம் ஒருமுறை இருவர் இருவராகச் சேர்ந்து, அவரவர் வீட்டிலிருந்தே ஒரே திரையைப் பார்த்து நிரல் எழுதவேண்டும். ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் வாயால் வழி சொல்லவேண்டும். பிறகு மாறிக்கொள்ளவேண்டும்.

"ஒராளுக்குத் தெரிஞ்சது மற்றவைக்கும் தெரியவேணும்," என்றார்.

பிரியவதனிக்குச் சோடியாக வந்தவள் வவுனியாவிலிருந்து வேலைசெய்யும் தாரிகா. வழி சொல்லும் முறை வந்த முதல்நாளே பிரியவதனிக்குச் சொல் அடைத்தது.

"பிரியா, கேக்கேல்லை. உம்மட லைன் விழுந்திட்டுதோ?"

சற்று யோசித்துவிட்டு, 'ஓம், தீவுப் பக்கம் சிக்னல் சரியில்லை' என்று எழுதி அனுப்பினாள். யாரும் சந்தேகப்படவில்லை. வாரா வாரம் அதுவே சாட்டாயிற்று.

ஒருநாள் கிளினிக் ஒன்றின் நோயாளருக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியை எழுதினார்கள். தாரிகா அவசரத்தில் நோயாளியின் போன் இலக்கத்துக்குப் பதிலாக உறவினரின் இலக்கத்தை எடுத்துவிட்டாள். பிரியவதனி அதைக் கண்டாள். 'பிழை' என்று சொல்ல வாயெடுத்தாள். உதடு திறக்கவில்லை.

"திரும்பவும் லைன் போயிட்டுது போல. சரி, நான் முடிச்சு அனுப்பிறன்."

எழுதிச் சொல்லியிருக்கலாம். ஆனால் பிழையைச் சுட்டி எழுதினால், அவள் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், லைன் நன்றாகத்தான் இருந்தது என்று தெரிந்துவிடும். நிரலைப் பிறகு சோதிக்கிறவர்கள் கண்டுபிடிப்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டாருக்குத் தெரியாமல் மனநலக் கிளினிக்குக்குப் போய்வந்த ஒரு பெண்ணின் செய்தி அவளுடைய மாமியாரின் போனுக்குப் போய்விட்டது. முறைப்பாடு வந்தது. கூட்டத்தில் தாரிகா அழுதாள்.

"பிரியாவுக்கு அண்டைக்கு லைன் இல்லை. பிழை என்ரதுதான்."

பிரியவதனியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கூட்டம் முடிந்ததும் அவளே தாரிகாவை அழைத்தாள்.

"நா... நான் கண்டனான்."

"என்னத்தை?"

"பி... பி..." தாரிகா குறுக்கிடவில்லை. "பிழையை. லைன் இருந்தது. எனக்குத்தான் வாய் வரேல்லை. சின்னனிலயிருந்தே இப்பிடித்தான்."



"திக்கிறது உம்மட குற்றமில்லை பிரியா. ரெண்டு சொல்லு எழுதியிருக்கலாமே. அந்தப் பிள்ளை வீட்டில இப்ப என்ன பாடுபடுதோ?"

பிரியவதனி ஜெனுஷனுக்கும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். அவர் ஏசவில்லை. தாரிகா வேறு சோடி கேட்டாள்; கொடுத்தார்.

இப்போது பிரியவதனியோடு சேர்ந்து எழுதுகிறவன் சசிகரன். "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுக்கவேணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அவன் பொறுக்கிறான். சிலவேளை அவன் பெருமூச்சு விடுவது காதில் விழும். மற்றச் சோடிகள் முடிக்கும் வேலையில் பாதிதான் இவர்களுக்கு ஒப்பேறுகிறது.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று ஜெனுஷனிடம் ஒருமுறை வாய்விட்டே கேட்டாள்.

"அது எங்களுக்குத் தெரியவராது, பிரியா," என்றார் அவர்.