சுவரோடு பேசுகிறவள்

அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டதாம். போன வாரம் சித்தி போனில் சொன்னாள். சித்தியிடம் சொன்னது மருந்துக்கடைக்காரர் மனைவி; அவளிடம் யார் சொன்னார்களோ. "ரோட்டுல சுவத்தைப் பாத்து நின்னு தனியா பேசிக்கிட்டிருக்காளாம்டி. நீ பக்கத்துலயா இருக்க, வந்து பாக்கறதுக்கு?" கடல் கடந்து இருக்கிறவளுக்கு இந்த ஒரு வரி போதாதா? அன்றைக்குச் சமைத்தது அப்படியே இருந்தது.

சுவரைப் பார்த்து நிற்பது எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக நிற்கிறாள். பேசுகிறாள் என்பதுதான் புதிது.

அக்கா கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள். சேர்ந்த வருடமே துறையில் எல்லாரும் காட்டுக்குக் களப்பணிக்குக் கிளம்பினார்கள். துறைத்தலைவர் பட்டியலில் அவள் பெயரை மட்டும் அடித்துவிட்டார். இரண்டு இரவு தங்க வேண்டும், கல்யாணமான பெண், நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்றாராம், அக்கறையாகத்தான். மாமியாரும் அதையே சொன்னார். ஆறு மணிக்கு மேல் வாசலைத் தாண்டுவது அந்த வீட்டில் ஆண்களுக்கு மட்டும் உள்ள பழக்கம்.

காடு கிடைக்காதவள் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாள். கல்லூரிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே ஒரு குளிர்பதனக் கிடங்கின் பின்சுவர், எந்நேரமும் ஈரம் கசிந்து பாசி பிடித்திருக்கும். அதில் சாக்பீஸால் நாற்பது கட்டம் போட்டாள். எந்தக் கட்டத்தில் எந்தப் பாசி, எவ்வளவு என்று செவ்வாய்க்கிழமைதோறும் எண்ணிக் குறித்தாள். வகுப்பு முடிந்து பஸ் வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

அத்தானுக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. "உங்க வீட்டம்மா சுவத்துல என்ன தேடறாங்க, புதையலா?" என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். ஒன்பதாவது வருடம் கிடங்கு முதலாளியிடம் நைசாகப் பேசி, சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடிக்க வைத்துவிட்டார். சுவர் இருந்தால்தானே சித்திரம் என்பார்கள். இவர் சுவரை விட்டுவைத்துச் சித்திரத்தை அழித்தார்.

அன்றைக்கு என்னிடம் போனில் அழுதாள். அடுத்த செவ்வாய் அதே இடத்தில் மறுபடி நாற்பது கட்டம். வெள்ளையில் சாக்பீஸ் தெரியாதே, கரித்துண்டால் போட்டாள். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு எந்தப் பாசி முதலில் திரும்பி வரும் என்று அவ்வளவு பொறுமையாக யாரும் பார்த்ததில்லையாம். பெரிய ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. பிரதியை அத்தான் முன்னால் வைத்து, "நீங்க செஞ்சதுலயே இதுதாங்க எனக்கு உபயோகமா இருந்தது" என்றாளாம். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த மழைக்குக் குடை பிடிக்க வந்து நின்றவர் இன்னும் நிற்கிறார்.

பேராசிரியர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் ‘களப்பணி இல்லை’ என்று திருப்பிவிட்டார்கள். மூன்றாவது நேர்காணல் இன்று காலை, கல்லூரியிலேயே. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். விட்டால் விட்டதுதான்.

சித்தி சொன்னதைப் போன வாரமே தயங்கித் தயங்கி அவளிடமே கேட்டேன். சிரித்தாள்.

"ஆமாடி, பேசறேன். வீட்ல வாயைத் தெறந்தா ஆளுக்கொண்ணு கேப்பாங்க. சுவரு குறுக்க பேசாது. அதான் நேர்காணலுக்குப் பதில் சொல்லிப் பழகறேன்."

"என்ன பதில்?"

"உங்க களப்பணி எங்கன்னு கேட்டா, வாங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் நடப்போம்னு."

இப்போது அங்கே மாலை நாலே முக்கால். நாலாவது முறையாகக் கூப்பிடுகிறேன். இன்று செவ்வாய். எண்ணும்போது போன் பையில் இருக்கும், பை அத்தான் தோளில் இருக்கும். பெண்டாட்டி போனை எடுத்துப் பேசுகிற பழக்கத்தை அவர் விட்டு வருடங்களாகிறது.

முந்தைய இரண்டு நேர்காணல் அன்றும் அக்கா சுவர்ப் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்குத்தான் போனாள். முதல் மணியிலேயே எடுத்து, "இல்லடி" என்றாள்.

இன்று மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.