இன்னாசியம்மாள் வைத்த பூச்சியம்

இன்னாசியம்மாள் பதினெட்டு ஆண்டுகள் மரக்காணம் உப்பளத்தில் பாத்தி நீரின் உப்புச் செறிவை, அதாவது டிகிரியை, அளந்து பார்த்தவர். அளக்கும் குவளையை, அளக்கப்போகும் நீரிலேயே அலசிவிட்டுத்தான் நிரப்புவார். முந்தைய பாத்தியின் துளி கலந்தால் அளவு பிசகும் என்பதை அவர் கை அறியும். ஆழிப்பேரலைக்கு மறு ஆண்டு, குப்பத்துக் குடிநீர்க் கொட்டகையில் அவருக்கு வேலை கிடைத்ததும் அந்தக் கையின் சுத்தத்தால்தான்.

கொட்டகையில் ஒரு கருவி இருந்தது. சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிய நீரினூடே புற ஊதா ஒளியைச் செலுத்தி, நீர் விழுங்கும் ஒளியைக் கொண்டு நைட்ரேட்டின் அளவைச் சொல்லும். நாற்பத்தைந்தைத் தாண்டினால் குழாயை மூட வேண்டும். கைக்குழந்தைகளுக்கு அந்த நீர் ஆகாது; உடல் நீலம் பாரிக்கும். விளக்கு பழையதாக ஆக, உப்புக்காற்றில் கண்ணாடி மங்க, எண் சற்று நகர்ந்துவிடும். ஆகவே காலைதோறும் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, பொத்தானை அழுத்திப் பூச்சியமாக்க வேண்டும். பொறியாளர் ஜெயசீலன் விடுப்பில் இருந்த மூன்று வாரமும் இன்னாசியம்மாளே அதைச் செய்தார். குழாய்நீர் நாற்பத்தொன்றிலேயே நின்றது.

திரும்பி வந்த ஜெயசீலன், அவர் கிண்ணத்தைக் குழாய்நீரில் அலசுவதைப் பார்த்துப் பதறினார்.

“இருங்கக்கா! எதுக்குக் கொழா தண்ணியில அலசுறீங்க?”

“அளக்கப்போற தண்ணியிலதான அலசணும்? உப்பளத்துல வந்து கேட்டுப் பாருங்க சார்.”

“ஜீரோ வைக்கும்போது நீங்க அளக்குறது பேட்டரி தண்ணிக்கா. அதுலதான் அலசணும்.”

இன்னாசியம்மாள் காய்ச்சி வடித்த அந்த நீரிலேயே மூன்று முறை அலசி ஊற்றினார். பூச்சியத்துக்குக் கீழே ஆறு காட்டியது கருவி. கிண்ணத்தில் தங்கிய குழாய்நீரையும் சேர்த்தே இத்தனை நாள் பூச்சியமாக்கியிருந்தார் இன்னாசியம்மாள்.

“அப்ப கொழா தண்ணி நாப்பத்தொண்ணு இல்ல, நாப்பத்தேழு” என்றார் அவர், ஜெயசீலன் வாய் திறக்கும் முன்பே.

“இன்னைக்குத்தான் ஏறிச்சுன்னு எழுதிடலாம்கா. இல்லன்னா உங்க வேலைக்கே ஆபத்து.”

“நம்ம குப்பத்து சங்கீதா புள்ளைக்குப் புட்டிப்பால் சார். இந்தத் தண்ணியிலதான் கரைக்குறா. எத்தினி நாளா குடிச்சுதுன்னு டாக்டரு கேட்டா, அவ இன்னா சொல்லுவா?”

குழாயைப் பூட்டிவிட்டு நேரே சங்கீதாவின் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொன்னார். சங்கீதா புட்டியைத் தரையில் வைத்தாள்.

“மூணு வாரமா அங்க இன்னாதான் பண்ணிக்கினு இருந்த? மிஷின்ல மூஞ்சி பாத்துக்கினு இருந்தியா?”

இன்னாசியம்மாள் குழந்தையின் துணிப்பையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடன் நடந்தார். நாள்கணக்கை மருத்துவரிடம் அவரே சொன்னார். மருத்துவர் குழந்தையின் உதட்டையும் நகக்கண்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலம் எங்கும் இல்லை. குழந்தைக்கு ஒன்றுமில்லை, இனி லாரித் தண்ணீரில் பால் கரைத்தால் போதும் என்றார்.

வெளியே வந்தும் சங்கீதாவின் முகம் இறுகியே இருந்தது. பத்தடி நடந்தவள் நின்று, குழந்தையை இன்னாசியம்மாள் பக்கம் நீட்டினாள்.

“பையையே புடிச்சிக்கினு வர்றியே, இவனை யார் தூக்குவா? கை வலிக்குதுக்கா.”