மூன்றாவது ஓலை

எங்கள் மாதா கோவிலில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று பூசை முடிகிற நேரத்தில் சாமியார் படிப்பார். என் ஓலை பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு வாசிக்கப்பட்டது. அதற்கடுத்த ஞாயிறும் வாசிக்கப்பட்டது. மூன்றாவது ஞாயிறு சாமியார் வேறொரு ஜோடியின் பெயர்களைப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். முன் பெஞ்சில் இருந்த இரண்டு பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தில் இறுதிப் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எதற்கும் தேதி குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. தென்பெண்ணையில் வெள்ளம் வந்த நாள், பங்குக்குப் புதுச் சாமியார் வந்த நாள், பேருந்து நேரம் மாறிய நாள் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். யாருக்கும் பயன்பட்டதில்லை. இதையும் அந்த வரிசையில்தான் சொல்ல முடிகிறது.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. திருக்கோவிலூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்துக்கு இரண்டு தெரு தள்ளி, அண்ணன் வீட்டில் இருந்தேன். அப்பாவின் நோய், அம்மாவின் நோய் என்று கல்யாணப் பேச்சு தள்ளிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பேசுவதையே விட்டிருந்தார்கள். கருணாபுரத்துச் சாராயச் சாவுகள் நடந்ததற்கு அடுத்த ஆண்டு, ஆவணியில், அண்ணி ஒரு வரன் கொண்டுவந்தாள். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் கணக்கு வாத்தியார். எங்களைப் போலக் கத்தோலிக்கர்தான். மனைவி இறந்து மூன்று ஆண்டு ஆகிறது. எட்டாவது படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள்.

மனைவி எதனால் இறந்தாள் என்று கேட்டேன். கர்ப்பப்பையில் கட்டி என்றாள் அண்ணி. "அது இன்னா, ஒட்டிக்கிற வியாதியா? நீ ஒண்ணு, பாப்பா."

வெள்ளிமலை வழியாகப் பேருந்தில் போய் வீடு பார்த்தோம். வீட்டைச் சுற்றிக் குச்சிவள்ளிக் கிழங்கு போட்டிருந்தார்கள். சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணி முதல் நாளே இலை போட்டு உட்கார்ந்து, கோழிக்குழம்பை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாள். என்னை எப்படியாவது அனுப்பிவிட அவள் எடுத்த முடிவு அதில் தெரிந்தது. வாத்தியார் சிரித்துக்கொண்டே ஊற்றினார். எனக்கு அவரைப் பிடித்தது அப்போதுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியைப் பற்றி அவரே சொன்னார். முதலில் வெள்ளைப்பட்டிருக்கிறது. உடம்பு சூடு என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, ஒரு வருடம் வெந்தயம் ஊறவைத்த தண்ணீரும் மோரும் குடித்திருக்கிறாள். சுகாதார நிலையத்து நர்ஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவள் போகவில்லை. மகள் பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவள். கர்ப்பப்பையையே கட்டிவிட்டார்கள், இனிமேல் அங்கே எதுவும் வராது என்று நம்பியிருக்கிறாள். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

"அதான் கட்டியாச்சே, அங்க இன்னா இருக்குது பாக்கறதுக்குன்னு நர்ஸம்மாவையே கிண்டல் பண்ணி அனுப்புவா" என்றார்.

ரத்தப்போக்கு ஆரம்பித்து மலையிலிருந்து இறக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

திரும்பி வரும்போது அண்ணி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் நிறையப் படிக்கிறவள். கர்ப்பப்பை வாய்ப் புற்று பெரும்பாலும் ஒரு வைரஸால் வருகிறது, அந்த வைரஸ் உடலுறவில் பரவுகிறது என்று எப்போதோ படித்திருந்தேன். படித்தபோது அது எனக்குச் சம்பந்தமில்லாத செய்தி.

ஐப்பசியில், நிச்சயம் செய்வதற்கு முன், ஒரு பெண் மருத்துவரைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். கல்யாணம் ஆகாதவள் மகப்பேறு மருத்துவரின் வாசலில் உட்கார்ந்திருப்பதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மருத்துவர் நிதானமானவர். இதற்கு முன் யாருடனும் உறவு உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் சொன்னதை வெளியே வந்ததும் நினைவில் ஒழுங்குபடுத்திக்கொண்டேன். அந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசியைச் சிறு வயதில் போட்டால்தான் முழுப் பலன். இந்த வயதில் பலன் குறைவு என்றாலும், உறவே இல்லாதவளுக்குப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் வைரஸை ஊசி அழிக்காது. ஊசி போட்டாலும் பரிசோதனை வேண்டும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது.

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு இப்போது அது இருக்குமா?

"வந்திருக்கலாம், வந்து தானாவே போயிருக்கலாம். முக்கால்வாசிப் பேருக்குப் போயிடும். ஆம்பளைங்களுக்குப் பாத்துச் சொல்ல வழக்கமான டெஸ்ட் கிடையாது" என்றார் மருத்துவர். "போட்டே ஆகணும்னு நான் சொல்லமாட்டேன். யோசிச்சு வாங்க."

ஒரு வாரம் யோசித்தேன். போடுவது அந்த மனிதரைச் சந்தேகிப்பது போல இருந்தது. போடாமல் இருப்பது அவருடைய மனைவி மோர் குடித்ததைப் போல இருந்தது. போட்டுக்கொண்டேன். இரண்டாவது ஊசி கிறிஸ்துமஸுக்கு முன்னால். மூன்றாவது ஈஸ்டருக்குப் பிறகு.

கல்யாணத்தைச் சாம்பல் புதனுக்கு முன் வைத்தார்கள். தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் கோவிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஆக, கல்யாணத்துக்கும் மூன்றாவது ஊசிக்கும் நடுவில் தவக்காலம் முழுக்கக் கிடந்தது. அதுவரை சேராமல் இருப்போம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அண்ணியிடம் யோசனை கேட்டேன். ஊசி விஷயம் வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியும்.

"தவக்கால நேர்ச்சைன்னு சொல்லிடு. மலைக்காரரு, பக்தியா இருக்கறாரு, ஒண்ணும் சொல்லமாட்டாரு. ஊசி கீசின்னு வாயத் தொறக்காத" என்றாள்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு பிற்பகல், பத்திரிகை மாதிரியைக் காட்ட அவர் மலையிலிருந்து வந்திருந்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன் அமரர் என்று போட மறந்திருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டு, ஈஸ்டர்வரை என்ற பேச்சை எடுத்தேன். அவர் காது சிவந்தது.

"தவக்காலத்துக்கா? இருக்கலாங்க. எங்கம்மா அப்பாகூட அப்டித்தான் இருந்தாங்களாம். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

தலையை ஆட்டியிருந்தால் போதும். பேச்சு அத்தோடு முடிந்து தேநீர் வந்திருக்கும். ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் முதன்முதலாகப் பொய் சொல்வது, அதுவும் தவக்காலத்தின் பெயரால் சொல்வது, எனக்கு வரவில்லை.

"தவக்காலத்துக்காக இல்லிங்க" என்றேன். "ஒரு தடுப்பூசி போட்டுக்கினு இருக்கேன். மூணாவது ஊசி ஈஸ்டர் முடிஞ்சுதான்."

"இன்னா ஊசி?"

சொன்னேன். புற்று என்றதும் அவர் முகம் மாறவில்லை. வைரஸ் என்றதும் மாறவில்லை. பரவுகிற விதத்தைச் சொன்னபோது கையிலிருந்த பத்திரிகையை மேசையில் வைத்தார். அவருடைய மனைவியைப் பார்த்த எந்த மருத்துவரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. அல்லது சொன்னது அன்றைக்குக் காதில் ஏறவில்லை.

"அப்ப அவளுக்கு நான் குடுத்தது" என்றார். அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

அப்படிச் சொல்ல முடியாது என்றேன். பெரும்பாலானவர்களுக்கு வந்து போகிற கிருமி, யாரிடமிருந்து எப்போது வந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஒரு சிலருக்கு மட்டும் ஏன் தங்கிவிடுகிறது என்று மருத்துவருக்கே முழுதாகத் தெரியாது என்று நான் அறிந்ததையெல்லாம் சொன்னேன். ஒன்றும் பொய்யில்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அவளுக்கு என்னத் தவிர யாரும் இல்லிங்க. அவளுக்குப் பதினெட்டு வயசுல கட்டிக்கினு வந்தேன்." மேசையில் வைத்த பத்திரிகையை நேராக்கினார். "நான் சேலத்துல பி.எட். படிக்கறப்போ..."

வந்திருந்த தேநீரில் ஆடை படிந்தது. அவர் எழுந்து கடைக்காரரிடம் சில்லறை கொடுத்துவிட்டு மலைப் பேருந்து நிற்கிற பக்கம் போனார். பத்திரிகை மேசையிலேயே இருந்தது.

கருணாபுரத்தில் அத்தனை பேர் இறந்தபோது, யார் விற்றார்கள், எங்கிருந்து வந்தது என்று ஊர் முழுக்கக் கேட்டது. கேட்பதற்கு அங்கே ஓர் ஆள் இருந்தான். இவருக்குக் கேட்க யாருமில்லை, தன்னைத் தவிர. பேருந்து ஏறுகிறவரைக்கும் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை அண்ணனுக்குப் போன் செய்தார். கல்யாணம் வேண்டாம், பெண்மேல் குறை இல்லை, சாமியாரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றார். அண்ணன் காரணம் கேட்டுக் கத்தினான். அண்ணி சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. அண்ணன் வெளியே போன பிறகு என்னிடம் வந்தாள்.

"நேர்ச்சைன்னு எடுத்துக் குடுத்தேனே பாப்பா. அந்த ஒரு வார்த்தை உன் வாயில வர்ல."

அன்றைக்கே அவரை அழைத்தேன். எடுத்தார். பின்னால் பள்ளிப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"இன்னொரு வாட்டி அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒக்கார எனக்குத் தெம்பு இல்லிங்க" என்றார். "அதுவும் நான் குடுத்ததுக்கு."

அப்படி ஆகாமல் இருக்கத்தானே ஊசி என்றேன்.

"தெரியுதுங்க" என்றார். பிறகு மணி அடித்தது, வகுப்புக்குப் போனார்.

ஓலை நின்றுபோனதற்கு ஊர் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது. மருத்துவர் வாசலில் என்னைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எனக்கு ஏதோ பொம்பளை வியாதி, மறைத்துக் கட்டப் பார்த்தோம், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிட்டது என்று பேசினார்கள். அண்ணி இரண்டு பேரோடு சண்டை போட்டாள். நான் போடவில்லை. உண்மையைச் சொன்னால் அவரைச் சொல்ல வேண்டும்.

தவக்காலத்தின் நடுவில் அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. சின்னப் பெண்களுக்கு அந்த ஊசி எங்கே போடுகிறார்கள் என்று மட்டும் கேட்டிருந்தார். இடத்தையும் மருத்துவர் இருக்கிற நாட்களையும், அந்த வயதுக்கு இரண்டு ஊசி போதும் என்பதையும் எழுதி அனுப்பினேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் என் மூன்றாவது ஊசி.

"இனிமே எதுக்கு அது?" என்று அண்ணி கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு ஊசியும் ஒரு வீட்டுக்குப் போவதற்காகப் போட்டவை. அந்த வீடு இல்லை. இனி யாரும் வரப்போவதில்லை என்று எனக்கே தோன்றியது. ஆனால் போகாமல் இருந்தால் அதை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டதுபோல ஆகும். பள்ளியில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன்.

ஊசி போட்ட நர்ஸ் பேச்சுக்காரர். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இப்போதெல்லாம் மலையிலிருந்துகூட இதற்கு வருகிறார்கள் என்றார். போன மாதம் ஒரு வாத்தியார் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாராம். பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு அவர் வாசலிலேயே நின்றாராம்.

"ஊசி போட்டு முடிச்சு வெளிய வந்தா, என்னத் தனியாக் கூப்புட்டு, இத ஆம்பளைக்குப் போட்டா உள்ள இருக்கறது போய்டுமான்னு கேக்கறாரு. அது போவாதுங்கன்னேன். சரிங்கன்னு பொண்ணு கையப் புடிச்சிக்கினு போய்ட்டாரு" என்றார்.

பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் எந்த இடத்தில் நின்றிருப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.